ஆறு அமாவாசைச் சுவர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு டீக்கடை. தொண்டூர் போகும் வழியில் ஒரு பால் டிப்போ. திண்டிவனம் ரோட்டில் ஹாலோ பிளாக் யார்டு. அதை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். கடைசியாக, மாடி வைத்த சொந்த வீடு. இவ்வளவையும் கட்டியவன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்.

டீக்கடை இரண்டு தடவை எரிந்தது. மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டினால் பாறை வந்தது. பால் டிப்போ ஆறு மாதத்தில் மூடிவிடும் என்று பந்தயம் கட்டியவர்கள் இன்றும் அங்கேதான் பால் வாங்குகிறார்கள். இதையெல்லாம் போன வாரங்களில் விலாவாரியாகச் சொல்லிவிட்டேன். பத்திரிகை ஆசிரியர் என் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிறார். பெருமையைத் திருத்தக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

'பெரியவர் அடுத்த வாரம் செஞ்சிக் கோட்டையையும் தானே கட்டினதாகச் சொல்வாரோ' என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். சொல்ல மாட்டேன் ஐயா. அந்தக் கோட்டை பல தடவை கை மாறியது. நான் கட்டினது எதுவும் கை மாறவில்லை.

ஆறாவதாக ஒன்று கட்டினேன். அதில் செங்கல் இல்லை, சிமெண்டு இல்லை. ஒரு பச்சைக் குழந்தையின் வாயைச் சுற்றி ஆறு மாதத்துக்கு ஒரு சுவர். அதைப் பற்றி இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இதில் வருகிற பெண்ணுக்குக் கோமதி என்று நான்தான் பெயர் வைத்தேன். அவள் வேலை, தெரு, வருஷம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். 'இது நம்ம இன்னார்தானே' என்று டீக்கடையில் உட்கார்ந்து துப்புத் துலக்குகிறவர்கள், டீயை மட்டும் குடித்துவிட்டுப் போகவும்.

உள்ளங்கை

கோமதி என் பால் டிப்போவில் பால் பரிசோதிக்கிறவள். ஊர்க்காரர்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். அவள் மீட்டரைப் பாலில் விட்டுப் பார்த்து, 'மாமா, மாடு தண்ணில நின்னுச்சா, தண்ணி பால்ல நின்னுச்சா' என்பாள். தண்ணீர் கலந்தவன் தலையைக் குனிந்துகொண்டு போவான். பத்து வருஷமாக என் டிப்போவின் பெயர் கெடாமல் இருந்ததற்கு நான்தான் காரணம். அவளை வேலைக்கு எடுத்தவன் நான் அல்லவா.

அவளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே அவள் மாமியார் கன்னியம்மா எனக்கு ஆள் அனுப்பினார். சர்க்கரைத் தண்ணி வைக்கத்தான்.

பிறந்த பிள்ளைக்கு நாக்கில் முதன்முதலில் இனிப்புத் தொட்டு வைப்பவரின் குணம் அந்தப் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குணம் என்று இவர்கள் சொல்வது சொத்துப்பத்தைத்தான். அதனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதற்கென்றே ஒரு வெள்ளிச் சங்கு வைத்திருக்கிறேன். அதில் என் வீட்டுப் பசுவின் பால், கொஞ்சம் சர்க்கரை, இரண்டு சொட்டுத் தேன்.

நான் வைத்த பிள்ளைகளில் ஒருவன் வக்கீல், ஒருத்தி வெளிநாட்டில் நர்ஸ். ஒருவன் சங்கிலி பறித்து உள்ளே போனான். அவனுக்கு வைத்தது என் மச்சான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். தெருவே வாசலில் நின்றது. கோமதி பாயில் உட்கார்ந்து, மடியில் பிள்ளையை வைத்திருந்தாள். நான் குனிந்தேன். சங்கு பிள்ளையின் உதட்டருகே போகிற நேரம், அவள் தன் உள்ளங்கையை அந்த வாயின்மேல் வைத்தாள்.

"வேணாம் மொதலாளி."

"இன்னா வேணாம்?"

"எதுவும் வேணாம். என் பாலு போதும்."

எதிர்வீட்டு அம்மா ஒருத்தி இருக்கிறாள். ஊர்ச் செய்தியை அவள் வாங்கிக் கொடுத்தால்தான் பேப்பர்காரனுக்கே கிடைக்கும். அவள் சொன்னாள்: "பெரியவரு கையில வாங்கக் கூடாதாமா? இவ இன்னா கலெக்டர் பொண்ணா?"

"கைய எடுடி" என்றார் கன்னியம்மா. கோமதி எடுக்கவில்லை. அந்தக் கை சின்னது, பால் கேன் தூக்கிக் காய்ப்புக் காய்த்தது. என் கையில் சங்கு, சங்கில் பால், பின்னால் தெரு. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாத்திரத்தை நிரம்பவே திரும்பக் கொண்டுபோனேன்.

வீட்டுக்கு வந்ததும் டிப்போவுக்குச் சொல்லி அனுப்பினேன். கோமதி இனி வேலைக்கு வரவேண்டாம்.

இதை மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். கோமதிதான் விடவில்லை. 'அதையும் எழுதுனாத்தான் மத்தத எழுதலாம்' என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

டம்ளர்

மறுநாள் காலைப் பால் போன பிறகு, டிப்போவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தாள். பிள்ளை பிறந்து நாலாம் நாள். துணியில் சுற்றிய குழந்தை தோளில். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். பிறகு, கறந்த பாலின் அளவைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"எனக்கு எச்.ஐ.வி இருக்குது மொதலாளி. எங்க வூட்டுக்காரருக்கும் இருக்குது. புள்ள வயித்துல இருக்கிறப்ப ரத்தம் எடுத்தாங்களே, அப்ப தெரிஞ்சுது. அன்னிலேந்து மாத்திர போடறேன். ஒரு நாள் வுட்டதில்ல."

நான் நாற்காலியைப் பின்னால் இழுத்தேன். இழுத்தது எனக்கே தெரியாது. சத்தம்தான் காட்டிக் கொடுத்தது. அடுத்து என் கண் அந்த டம்ளருக்குப் போனது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"டம்ளர்ல வராது. பத்து வருசமா நான் கை வச்ச பால்லதான் உங்க வூட்ல காப்பி. பயமா இருந்தா டம்ளர நான் எடுத்துகினு போறேன். நாற்காலிய மட்டும் முன்னாடி இழுத்துப் போடுங்க. கத்திப் பேச முடியாது."

இழுத்துப் போட்டேன்.

"ஆஸ்பத்திரில அந்த ஆலோசன சொல்ற அக்கா ரெண்டு வழி சொன்னாங்க. ஒண்ணு, டப்பாப் பால் மட்டும். தாய்ப்பாலு ஒரு வாட்டி கூட கூடாது. இன்னொண்ணு, மாத்திரய ஒழுங்கா போட்டுகினு, ஆறு மாசம் தாய்ப்பாலு மட்டும். ஒரு முழுங்கு தண்ணி கூட கூடாது. புள்ளைக்கு ஒரு சொட்டு மருந்து தனியா குடுப்பாங்க. ரெண்டு வழில எதுன்னு நீயே முடிவு பண்ணும்மா, ஆனா ரெண்டையும் கலந்து மட்டும் குடுத்துடாதன்னாங்க."

"கலந்தா இன்னா?"

"பச்சப் புள்ள கொடலு தாங்காது. வேற பாலு, தண்ணி, தேனு போனா உள்ள புண்ணாவும். என் பால்ல கிருமி இருந்தா அந்த வழியா உள்ள பூந்துடும். வெறும் தாய்ப்பாலும் மாத்திரயும்னா அந்தப் பயம் ரொம்பக் கம்மி." கொஞ்சம் நிறுத்தினாள். "கலப்படம் கூடாதுன்னு நீங்கதான வெளிய போர்டு வச்சிக்கிறீங்க."

அந்த போர்டை நான்தான் எழுதினேன். ஒரு எழுத்துப் பிழையோடு இன்னும் தொங்குகிறது.

"டப்பாப் பாலே குடுத்துட்டா வம்பே இல்லியே" என்றேன். டப்பா நானே வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். கொடுத்துப் பழகிய கை.

"எங்க வூட்ல ஒரே அடுப்பு. குழாத்தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது. ஒவ்வொரு தபாவும் கொதிக்க வச்சி, கழுவி, கலக்கி, ஆறு மாசம் ஓட்டணும். ஒரு நாள் டப்பா தீந்துட்டா? அத வுடுங்க. டப்பாவப் பாத்த எதிர்வூட்டம்மா ஏன் தாய்ப்பாலு குடுக்கலன்னு கேப்பா. அந்தக் கேள்வி தெருவ ஒரு சுத்து சுத்திட்டு, பதிலோட எங்க வாசலுக்கு வரும்."

டப்பாவைப் பற்றி எனக்குத் தெரியும்

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் மூத்தவன் பிறந்த காலத்தில் டீக்கடை கொஞ்சம் ஓட ஆரம்பித்திருந்தது. டப்பாப் பால் அப்போது பணக்காரப் பிள்ளைகள் சாப்பாடு. டப்பாமேல் கொழுகொழு குழந்தைப் படம். நானும் வாங்கினேன். தீர்ந்த டப்பாக்களைக் கடை அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்தேன், நாலு பேர் பார்க்கட்டும் என்று. என் மனைவிக்குப் பால் இருந்தது. 'படத்துல இருக்கிற புள்ள நம்ம கெணத்துத் தண்ணியா குடிச்சுது' என்று கேட்டாள். நான் கேட்கவில்லை.

பிள்ளைக்கு வயிற்றால் போய், கண் குழி விழுந்து, ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அன்றைக்கே டப்பாக்களை அலமாரியில் இருந்து எடுத்துவிட்டேன். எடுத்துச் சர்க்கரை கொட்டி வைத்தேன். நல்ல டப்பாக்கள்.

அதனால் கோமதி சொன்னது எனக்குப் புரிந்தது. புரியாதது ஒன்றுதான். இதை எதற்கு என்னிடம் சொல்கிறாள்?

"எங்க மாமியாருக்குத் தெரியாது. நான் தூங்கற நேரம் பாத்து அதுவே சக்கரத் தண்ணி வச்சிடும். வெள்ளிக்கெழம கழுதப் பால்காரிய வேற வரச் சொல்லிக்கிது. எவ்ளோ நாளு கையாலயே வாய மூடிக்கினு இருப்பேன்? ஊரு கேக்கற மாதிரி ஒரு பொய் வேணும். பொய்ல உங்கள மாதிரி ஆளு இந்தப் பக்கத்துல கெடையாது."

எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கோபத்திலேயே பொய்யும் தயாராகிவிட்டது.

அம்மன் வந்தாள்

சாயந்திரம் மறுபடி வெள்ளை வேட்டி. இந்தத் தடவை நெற்றி நிறையக் குங்குமம். கோமதி வீட்டு வாசலில் போய்ச் சும்மா நின்றேன். ஒன்றும் பேசாமல் நான் நின்றால் கூட்டம் தானாக வரும். வந்தது.

"நேத்து என் கையத் தடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க?" என்றேன். "கோமதியா? என் கைய ஒரு கோமதி தடுத்துட முடியுமா?"

கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"மலையனூர் அங்காளம்மா. காத்தால பூச ரூம்புல உத்தரவு ஆச்சு. இந்தப் புள்ள என் புள்ள, ஆறு அமாவாச வரைக்கும் தாய்ப்பாலத் தவிர அது நாக்குல ஒண்ணும் படக்கூடாதுன்னு. பட்டுதுனா, வச்சவங்க கை."

அந்தக் கை என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை. மிச்சத்தை அவர்களே கட்டிக்கொள்வார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு அதற்குள் மயிர்க்கூச்செறிந்துவிட்டது. "நான் பாத்தேன். அவ கண்ணே நேத்து வேற மாதிரி இருந்துச்சு. அப்பவே நெனச்சேன்" என்றாள். முந்தைய நாள் கலெக்டர் பொண்ணு என்றவள் இவள்தான்.

கன்னியம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஆஸ்பத்திரில குடுத்த சொட்டு மருந்து?"

அதை யோசித்து வரவில்லை. "டாக்டர் மருந்து போலாம். அம்மனுக்கும் டாக்டருக்கும் சண்டையில்ல" என்றேன்.

"வேண்டுதல் யாரு செய்யணும்?"

"நான்தான். ஆறு அமாவாசைக்கும் நானே போறேன்."

"கார்ல போனா வேண்டுதலா அண்ணா? ஸ்பெஷல் பஸ்ல போங்க. உக்காராம போங்க."

தெரு முழுக்கத் தலையை ஆட்டியது. சிக்கிக்கொண்டேன்.

முற்றுகை

அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள், ஒரு மூட்டை எலுமிச்சம்பழத்தில் தாங்கள் ஒரு பழம் என்று நினைத்துக்கொள்ளவும். கல்யாண மண்டப முதலாளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய அக்குளுக்குக் கீழே. முதல் அமாவாசையில் செருப்புப் போனது. இரண்டாவதில் மூக்குக் கண்ணாடி. அம்மன் பெயரில் பொய் சொன்னதற்குத் தவணை முறையில் கட்டுகிறேன் என்று வைத்துக்கொண்டேன்.

ஊர் சும்மா இருக்கவில்லை. பிள்ளை ராத்திரி அழுதது என்று ஓம வாட்டர் வந்தது. வெயிலுக்கு ஒரு பாலாடை தண்ணீராவது என்று ஒருத்தி. கழுதைப் பால்காரி தெருமுனையில் கழுதையோடு நின்று, 'பசும்பால்தான அம்மா வேணாம்னா, கழுத பத்தி ஒண்ணும் சொல்லலியே' என்று சட்டம் பேசினாள். எனக்கு ஆள் வரும். நான் போய் உத்தரவுக்குத் திருத்தம் போடுவேன். கழுதையும் சேரும். ஓமமும் சேரும். பழைய சோற்றில் தெளிந்த நீரும் சேரும். நம் சட்டசபையில்கூட ஆறு மாதத்தில் இத்தனை திருத்தம் போட்டிருக்க மாட்டார்கள்.

அந்தச் சுவரில் ஒரே ஒருவன்தான் ஏறிக் குதிக்கப் பார்த்தான். அது நான்தான்.

ஐந்தாவது அமாவாசைக்குப் போய்விட்டு, நல்ல கூட்டத்தில் இடிபட்டு வாங்கிய தீர்த்தத்தோடு நேரே கோமதி வீட்டுக்குப் போனேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரித்த பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காமல் எப்படித் திரும்புவது? விரலைத் தீர்த்தத்தில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனேன். அதே உள்ளங்கை வந்தது.

"அம்மா உத்தரவு மொதலாளி" என்றாள் கோமதி.

"வச்சவங்க கைய இன்னமோ பண்ணும்னு நீங்கதான அண்ணா சொன்னீங்க" என்றார் பின்னால் நின்ற கன்னியம்மா.

தீர்த்தத்தை என் தலையில் தெளித்துக்கொண்டு வந்தேன்.

யார் கட்டினது

ஆறாவது அமாவாசை கழிந்தது. பிள்ளைக்குச் சோறு குழைத்து ஊட்ட ஆரம்பித்தார்கள். தாய்ப்பாலும் மாத்திரையும் ஆஸ்பத்திரியில் சொன்னபடி தொடர்ந்தன. கோமதி டிப்போவுக்குத் திரும்பிவிட்டாள். நான் கூப்பிட்டதால்தான் வந்தாள். முன்னைவிடக் கூடுதல் சம்பளம் கேட்டுத்தான் வந்தாள் என்பது வேறு விஷயம்.

நடுநடுவே பிள்ளைக்கு ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் முடிவு வரும்வரை அவள் மீட்டரைப் பாலில் விட்டுவிட்டு எடுக்க மறந்துபோவாள். அந்த நாட்களில் தண்ணீர் கலந்தவர்களுக்கு யோகம். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். ஒன்றரை வயதுக்கு அப்புறம் கடைசிப் பரிசோதனை.

முடிவு வந்த அன்று மாமியாரும் மருமகளும் பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் மைசூர்பாகு. பிள்ளை நடந்து வந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

"இல்லன்னு வந்துருச்சு மொதலாளி" என்றாள் கோமதி. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

கன்னியம்மா முன்னால் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்குப் பதறியது. "அதாவது, சளி இல்லன்னு" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணா, வுடுங்க" என்றார் கன்னியம்மா. "புருஷனும் பொண்டாட்டியும் ஒரே நேரத்துக்கு போன்ல அலாரம் வச்சி ஒரே மாதிரி மாத்திர முழுங்கறாங்க. பெத்தவளுக்குத் தெரியாதா? புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே எம் மவனக் கேட்டேன். அழுதுட்டான். இவ சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லல. சரின்னு வுட்டுட்டேன்."

"அப்போ சக்கரத் தண்ணிக்கு என்னை ஏன் கூப்பிட்டே?"

"அது கூடாதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நீங்க வாசல்ல வந்து கூசாம பொய் சொன்னீங்க பாரு, அப்பதான் புரிஞ்சுது. இவ்ளோ பெரிய மனுசன் இவ்ளோ பெரிய பொய் சொல்றாருனா, உள்ள ஏதோ இருக்குது, அது புள்ளைக்குத்தான்னு. அன்னிலேந்து வாசப்படிய வுட்டு நான் நவுரல. கழுதக்காரிய தொரத்துனது உங்க அம்மன் இல்ல, நான்."

"அப்ப பஸ்ஸு?"

"சாமி பேர்ல பொய் சொன்னீங்க. நின்னுகினு போனா இன்னா தப்பு?"

கோமதி அழுகையை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். என் மனைவியும் சமையல் கட்டில் இருந்து சிரித்தாள். எனக்குச் செருப்பும் கண்ணாடியும் நினைவுக்கு வந்தன.

என் பங்கு

இப்போது ஆளாளுக்குப் பங்கு சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி அக்காவுக்குக் கோமதி சேலை வாங்கிக் கொடுத்தாள். மாமியார் வாசலைக் காத்ததைக் கோமதி வாய் ஓயாமல் சொல்கிறாள். மலையனூரில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள், பொய்க்கும் சேர்த்து. ஆறு மாதம் ஒரு சொட்டுக் கலக்காமல் பால் கொடுத்தவள் கோமதி. அவளை மிஞ்சி யாரும் இல்லை, அதில் எனக்கு வழக்கு இல்லை.

எனக்கு என்ன கிடைத்தது? மைசூர்பாகு. அதுவும் கொஞ்சம் கெட்டி.

'நீங்க இன்னா குடுத்தீங்க' என்று கேட்கிறார்கள். சரிதான். நான் ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தவன் இந்த ஒரு பிள்ளைக்குக் கொடுக்காமல் இருந்தேன். ஊரையும் கொடுக்க விடாமல் பண்ணினேன். டீக்கடை, டிப்போ, மண்டபம் எல்லாம் எடுத்துக் கட்டினது. இது ஒன்றுதான் கையைக் கட்டிக்கொண்டு கட்டினது. எது கஷ்டம் என்று கட்டினவனைக் கேளுங்கள்.

ஆகவே கோமதிக்கும் கன்னியம்மாவுக்கும் இந்தப் பத்திரிகை வழியாக என் கோரிக்கை. பிள்ளை வளர்ந்து பெரியவளாகி, உனக்கு முதலில் சர்க்கரைத் தண்ணி வைத்தது யார் என்று எவராவது கேட்டால், என் பெயரை முழுசாகச் சொல்லி, 'அவர் வைக்கவில்லை' என்று சொல்ல வேண்டும். யாரும் வைக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. வைக்காதது நான்.